வைட் மெட்டல் வார்த்த மழைக்காலம்

பர்மாவில் தட்டோனுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் சிறிய அரிசி மில் வைத்திருக்கும் என் சித்தப்பா, போன ஜூன் மாதத்தில் ஓர் இரவு தொலைபேசியில் கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் பக்கத்தில் தொலைபேசியை நீட்டிப் பிடித்துவிட்டு, "கேக்குதா?" என்று மட்டும் கேட்டார். தகரத்தில் மழை விழும் இரைச்சலுக்கும் பெல்ட் உரசும் ஒலிக்கும் அடியில், அடுத்த தெருவில் யாரோ உரலில் இடிப்பதுபோல ஒரு மொத்தமான தட்டல் கேட்டது. நெல் விழுந்து பளு ஏறும்போது அது அமுங்கியது. பளு இறங்கும் கணத்தில் இரண்டு மூன்று அடிகள் சேர்ந்தாற்போல் விழுந்தன. உடனே நிறுத்தச் சொன்னேன். "நாளைக்கு நாப்பது மூட்டை அரைக்கணும்பா" என்றார். "நாளைக்கும் ஓட்டினா கிராங்கே போயிடும் சித்தப்பா, நிறுத்துங்க" என்றேன்.

மறுநாள் மோல்மீனில் பஸ் ஏறிச் சால்வீன் பாலத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தேன். (2005-இல் அந்தப் பாலம் திறக்கும்வரை மொட்டாமாவுக்குப் படகில்தான் போக வேண்டும், பையில் சுத்தியல்களையும் மைக்ரோமீட்டரையும் சுமந்துகொண்டு படகுத்துறையில் நின்ற நாட்களை நினைத்தால் தோள் வலிக்கிறது.) சித்தப்பாவின் என்ஜின் பழைய ஆங்கிலேய மாதிரி: ஒற்றை சிலிண்டர், இரண்டு பக்கமும் ஆளுயரத்தில் பாதிக்கு நிற்கும் ஃபிளைவீல், நிமிடத்துக்கு அறுநூற்றுச் சொச்சம் சுற்று. இங்கிலாந்திலிருந்து வந்ததா, அதை நகலெடுத்து ராஜ்கோட்டில் வார்த்ததா என்று சொல்ல வேண்டிய பெயர்த்தகடு எப்போதோ கழன்று போய்விட்டது. தாத்தா காலத்திலிருந்து அந்த மில்லில் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பிறப்புச் சான்றிதழ் கிடையாது.

தட்டல் எங்கிருந்து வருகிறது என்று காதால் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. கிராங்க் பெட்டியின் கதவைத் திறந்து, பிஸ்டன் மேல் எல்லையை நெருங்கும் இடத்தில் நிறுத்தி, பிஸ்டனைக் கிராங்குத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ் முனையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, சித்தப்பாவை ஃபிளைவீலை முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்கச் சொன்னேன். சக்கரம் நகர்ந்தது, ராடு நகரவில்லை, பிறகு 'டொக்' என்று நகர்ந்தது. அந்த இடைவெளியை விரல் நுனியிலேயே உணர முடிந்தது. ராடின் கீழ் முனையில் இருக்கும் பிக் எண்டு பேரிங் தேய்ந்திருக்கிறது என்பதற்கு அதற்கு மேல் அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் அளந்தேன். மெல்லிய காரீயக் கம்பியை பேரிங்குக்கும், கிராங்கில் அது பற்றியிருக்கும் உருளையான பின்னுக்கும் நடுவே வைத்து, பேரிங்கின் மூடியை முறுக்கி, கழற்றி, நசுங்கிய கம்பியின் தடிமனைப் பார்த்தபோது 9 தௌ இருந்தது. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் தௌ. இரண்டேகால் அங்குலப் பின்னுக்கு இரண்டு, மிஞ்சினால் இரண்டரை தௌ இருந்தால் போதும். அங்குலத்துக்கு ஒரு தௌ என்பது பட்டறைகளில் பழகிப்போன கணக்கு.

பேரிங்கின் இரண்டு பாதிகளையும் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். சிலிண்டருக்குள் எரிபொருள் வெடிக்கும் அடி முழுவதும் மேல் பாதியில்தான் விழுகிறது என்பதால் அதுதான் அதிகம் சேதப்பட்டிருந்தது. பேரிங்கின் உட்புறத்தில் வார்த்திருக்கும் வைட் மெட்டல் என்ற வெள்ளை உலோகத்தின் முகம், கோடையில் வற்றிய குளத்தின் சேறுபோல் கட்டம் கட்டமாக வெடித்திருந்தது. ஒரு கட்டம் பெயர்ந்தே போயிருந்தது. அது எண்ணெய்த் தொட்டியின் அடியில், சிகரெட் பெட்டித் தாள்போல் நசுங்கிக் கிடந்தது. இவ்வளவும் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது கீழ்ப் பாதியில் இருந்தது. அங்கே உலோகம் வெடிக்கவில்லை. ஆனால் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, முகம் முழுவதும் கரும்புள்ளிகள் பதிந்திருந்தன. நகத்தால் சுரண்டினால் மணல்போல் நறநறத்தது.

அது உமிச் சாம்பல். அரிசி மில்லுக்குள் தூசி என்றால் அது சாதாரணத் தூசி அல்ல. நெல் உமியை எரித்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா, அதாவது கண்ணாடிக்கும் மணலுக்கும் உடன்பிறப்பு. மில்லின் பின்புறத்தில் உமி அடுப்பு எரிகிறது. முன்புறத்தில் என்ஜின் மூச்சு விடுகிறது. என்ஜினுக்கு எண்ணெய் ஊற்றும் வாயின் மூடி எங்கே என்று கேட்டேன். சித்தப்பா கொஞ்சம் தயங்கி, வாயில் அடைத்திருந்த பழைய கைலித் துண்டைக் காட்டினார். மூடி தொலைந்து நான்கு வருடம் ஆகிறதாம். பேரிங்கைத் தின்றது அந்தத் துண்டு.

வெள்ளை உலோகத்தை எதற்காக இவ்வளவு மெத்தென்று செய்கிறார்கள் என்று பலர் கேட்பதுண்டு. கெட்டியாகச் செய்தால் தேயாதே என்பது அவர்கள் வாதம். 1839-இல் அமெரிக்காவில் ஐசக் பாபிட் என்பவர் இந்தக் கலவைக்கு வழி காட்டியதிலிருந்து இன்றுவரை அதன் அடிப்படை மாறவில்லை: நூற்றுக்கு 89 பங்கு வெள்ளீயம், ஏழு ஏழரைப் பங்கு ஆன்டிமனி, மூன்று மூன்றரைப் பங்கு செம்பு. உருகி இறுகும்போது ஆன்டிமனி வெள்ளீயத்தோடு சேர்ந்து சிறு கனசதுரங்களாகவும், செம்பு ஊசிகளாகவும், மிருதுவான வெள்ளீயத்துக்குள் சிதறி நிற்கும். பஸீன் அல்வாவில் முந்திரி பதிந்திருப்பதைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். பளுவைக் கெட்டியான துகள்கள் தாங்கும். சுற்றியுள்ள மெத்தென்ற பகுதி, தண்டின் சிறு கோணலுக்கு வளைந்து கொடுக்கும், எண்ணெயோடு வரும் ஒன்றிரண்டு துகள்களைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும், எண்ணெய் வற்றினால் தான் உருகித் தண்டைக் காப்பாற்றும். ஆனால் புதைத்துக்கொள்வதற்கும் ஓர் எல்லை உண்டு. நான்கு வருடச் சாம்பலைப் புதைத்துக்கொண்ட உலோகம், பேரிங்காக இருப்பதை விட்டுவிட்டுச் சாணைக்கல்லாக மாறிவிடுகிறது. கிராங்கின் பின்னை மைக்ரோமீட்டரால் அளந்தபோது, ஒரு திசையில் அளந்ததைவிட அதற்குக் குறுக்கே ஒரு தௌ குறைந்திருந்தது. ஒரு தௌ நீள்வட்டத்தை இவ்வளவு மெதுவாகச் சுழலும் என்ஜினில் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கணிப்பு. கீறல்களை மட்டும் எண்ணெயில் நனைத்த நைசான எமரித் துணியை நாடாவாகச் சுற்றி இழுத்துப் போக்கினேன். இரண்டு தௌவுக்கு மேல் போயிருந்தால் கிராங்கை ரங்கூனுக்கு அனுப்பி அரைத்து வாங்குவதைத் தவிர வழியில்லை. எமரித் துணி கீறலை நீக்குமே தவிர, நீள்வட்டத்தை வட்டமாக்காது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் எழுதுவதெல்லாம் தடித்த வெண்கல ஓட்டுக்குள் வைட் மெட்டல் வார்த்த பழைய பேரிங்குகளைப் பற்றியவை. இப்போது சரக்கு ஏற்றும் தோலாஜி வண்டிகளிலும் படகுகளிலும் பூட்டியிருக்கும் சீன என்ஜின்களில் இருப்பவை மெல்லிய ஷெல் பேரிங்குகள்: எஃகுத் தகட்டின் மேல் ஒரு பேரிங் உலோக அடுக்கு, பலவற்றில் அதன் மேல் ஒரு தௌவுக்கும் குறைவான இன்னொரு பூச்சு. அவற்றைப் பழுதுபார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. தேய்ந்தால் எறிந்துவிட்டு, பின்னை அரைத்து, கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ குறைந்த அளவில் புதிது போட வேண்டும். அந்த ஷெல்லின் விளிம்புகள் இருக்கையிலிருந்து ஓரிரு தௌ துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, தவறாகச் செய்துவிட்டார்கள் என்று அரம் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. மூடியை முறுக்கும்போது அந்தத் துருத்தல்தான் ஷெல்லை இருக்கையோடு நெருக்கிப் பிடிக்கிறது. அதைத் தேய்த்தால் ஷெல் உள்ளேயே சுழலும். பின்னால் சிகரெட் தாள் வைத்து இடைவெளியைக் குறைப்பது அடுத்த கைவேலை. தாள் வெப்பத்தைக் கடத்தாது, பத்து நாளில் நசுங்கியும் விடும். இந்த இரண்டு வைத்தியத்துக்கும் பலியான கிராங்குகள் என் பட்டறை மூலையில் மூன்று கிடக்கின்றன.

சித்தப்பாவின் பேரிங்கை மோல்மீனுக்கு எடுத்து வந்தேன். ரங்கூனில் ஒரு மோட்டார் பட்டறையில் பன்னிரண்டு வருடம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியபோது, வீட்டுக்குப் பின்னால் மாமரத்தடியில் தகரம் போட்டு நான் அமைத்த பட்டறை இது. ஒரு பழைய லேத், ஒரு ட்ரில், ஒரு உலை, அவ்வளவுதான். மின்சாரம் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாததால் லேத்துக்குத் தனியாக ஒரு ஜெனரேட்டர் வைத்திருக்கிறேன். அதுவும் தட்டத் தொடங்கினால் யாரிடம் போவது என்று மனைவி கேட்பதற்கு என்னிடம் இதுவரை பதில் இல்லை.

உலோகம் வாங்குவதில் எனக்கு ஒரு சிறு சந்தோஷம் உண்டு. வெள்ளீயம் தவாய்ப் பக்கத்திலும் மௌச்சியிலும் வெட்டி எடுப்பது. செம்பு மோனிவாவில் கிடைப்பது. ஆன்டிமனியும் இந்த நாட்டு மண்ணிலேயே இருக்கிறது. கடைக்காரர் வெள்ளீயத்தை வீசைக் கணக்கில் நிறுத்துக் கொடுப்பார். பர்மிய வீசை 1.63 கிலோ, எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் மதராசிலிருந்து கொண்டுவந்த வீசை 1.4 கிலோதான். ஒரே சொல், கடல் கடந்து வந்ததில் கால் கிலோ கூடிவிட்டது. ஆனால் கலவையை நான் வீட்டில் கலப்பதில்லை. விகிதம் தெரிந்த கட்டியாகவே வாங்குகிறேன். ஓட்டில் பூசுவதற்குத் தூய வெள்ளீயம் தனியாக. பழைய பேரிங்கிலிருந்து உருக்கி எடுத்ததைத் திரும்பச் சேர்க்கலாமே என்று மிச்சம் பிடிக்கத் தோன்றும். அதில் யாராவது முன்பு காரீயம் கலந்திருந்தால், வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த பகுதி 183 டிகிரியிலேயே உருகும். நூறு கிராம் மிச்சம் பிடிக்கப் போய் முழு பேரிங்கும் பலவீனப்படும். பழையதைத் தூண்டிலுக்குக் குண்டு வார்க்கிற பையன்களிடம் கொடுத்துவிடுவேன்.

வார்ப்புதான் இந்த வேலையின் உயிர் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உலோகம் வெள்ளியாய் ஒழுகுவதைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலியில் தொற்றிக்கொண்டு நிற்பார்கள். ஆனால் வார்ப்பு பத்து விநாடி வேலை. பேரிங் நிற்பதும் உரிந்து போவதும் அதற்கு முந்தைய படியில், வெண்கல ஓட்டின் உட்புறம் வெள்ளீயம் பூசும் வேலையில்தான் தீர்மானமாகிறது. அதை நான் எந்தப் பட்டறையிலும் கற்கவில்லை. சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு வருடம் ஒருமுறை ஈயம் பூசுகிற ஒரு தாத்தா வருவார். பாட்டியின் பித்தளைப் பாத்திரங்களைச் சாம்பலும் மணலும் போட்டுக் காலாலேயே சுழன்று தேய்ப்பார். துருத்தி ஊதித் தணலில் வைப்பார். சூடு ஏறியதும் நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெண்புகை எழும். ஈயக் குச்சியை ஒரு தொடு தொட்டு, பஞ்சால் ஒரே வீச்சில் சுற்றித் துடைப்பார். மஞ்சள் பாத்திரம் அவர் கைக்கடியில் நிலாவாக மாறும். அரை நொடி பிந்தினாலும் பூச்சு மங்கிவிடும் என்று அவர் முணுமுணுத்தது எனக்கு அப்போது புரியவில்லை.

புரிய வைத்தது என்னுடைய முதல் தோல்வி. பழைய உலோகத்தை உருக்கி வடித்த பிறகு, வெண்கலத்தின் துளைகளில் ஊறியிருக்கும் எண்ணெய் போக வேண்டும் என்று ஓடுகளைக் காஸ்டிக் சோடா நீரில் அரை நாள் கொதிக்க வைத்தேன், கழுவினேன், சுரண்டியால் உட்புறத்தைப் புது வெண்கலம் தெரியும்வரை சுரண்டினேன். முதுகுப்பக்கம் ஈயம் ஒட்டாமல் இருக்கச் சுண்ணாம்புக் குழம்பைப் பூசிக் காயவிட்டேன். பழைய பேட்டரிகளின் துத்தநாகத்தை அமிலத்தில் கரைத்துச் செய்த திரவத்தைத் தடவி, சூடேற்றி, வெள்ளீயத்தைத் தேய்த்தேன். அழகாகவே பிடித்தது. அந்த நேரம் பார்த்து, வார்ப்பின் நடுவே துளைக்காக நிறுத்தும் உருளையான மேன்ட்ரலின் சூடு போதாது என்று தோன்றியதால், அதைத் திரும்ப அடுப்பில் வைத்துவிட்டு, ஓடுகள் ஆறிவிடக் கூடாதென்று ஊது விளக்கை அவற்றின்மேல் காட்டிக்கொண்டே நின்றேன். பூச்சு பளபளப்பிலிருந்து இளமஞ்சளுக்குப் போனதைக் கண்டேன். கண்டும், போகட்டும் என்று வார்த்தேன். ஆறிய பிறகு விளிம்பில் உளியை வைத்து மெல்லத் தட்டினேன். பலாச்சுளையிலிருந்து கொட்டை கழல்வதைப்போல, வைட் மெட்டல் முழுதாகக் கழன்று கையில் வந்தது. அதன் முதுகில் ஓட்டின் சுரண்டல் வரிகள்கூட அச்சாகப் பதிந்திருந்தன. ஒட்டுதல் மட்டும் இல்லை. மஞ்சள் என்றால் ஈயம் அளவுக்கு மேல் சூடேறிக் காற்றைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அந்தத் தாத்தா இருந்திருந்தால் துருத்தியால் என் முதுகில் போட்டிருப்பார்.

இரண்டாம் முறை வரிசையை மாற்றினேன். மற்ற எல்லாம் தயாரான பிறகே பூச்சு. இரண்டு பாதிகளுக்கும் நடுவே உருளையாக நிற்க வேண்டிய மேன்ட்ரலைப் பின்னின் அளவைவிடச் சற்றுச் சிறியதாக, கழற்றுவதற்கு வசதியாக மிக லேசான சரிவோடு கடைந்து வைத்திருந்தேன். உலோகம் அதில் ஒட்டிவிடக் கூடாதென்றால் கரி பிடிக்க வைக்க வேண்டும். மெழுகுவத்தியைவிடக் கற்பூரச் சுடர் சீராகக் கரி பிடிக்கும் என்பது என் அனுபவம். பூஜை அறையிலிருந்து நான்கு கட்டி எடுத்ததற்கு வீட்டில் கேள்வி வந்தது. பட்டறைக்கும் ஒரு தீபாராதனை என்றேன். பாதிகளின் இணைப்பில் வைக்கும் மெல்லிய பித்தளைத் தகடுகளான ஷிம்களுக்கும் அதே கரி. கீழ்ப்புறத்தையும் இடுக்குகளையும் அடைக்கக் களிமண்ணைத் தண்ணீருக்குப் பதிலாக எண்ணெய் விட்டுப் பிசைந்தேன்.

தண்ணீர் என்று சொல்லும்போதே கை நடுங்குகிறது. மோல்மீன் மழை எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூலையில் சுவரே வியர்க்கும். உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் மாட்டிக்கொண்டால் அது கணத்தில் ஆவியாகி உலோகத்தை முகத்தில் தூக்கி அடிக்கும். சில வருடங்களுக்கு முன்பு மூலையில் தொங்கவிட்டிருந்த கரண்டியைச் சூடாக்காமல் பாத்திரத்தில் முக்கினேன். கண்ணுக்குத் தெரியாத பனி ஈரம்தான் அதில் இருந்திருக்கும். பட்டென்று வெடித்தது, கண்ணாடி அணிந்திருந்ததால் கண் பிழைத்தது, முன்கையில் மூன்று தழும்புகள் இன்னும் இருக்கின்றன. அதற்குப் பிறகு கரண்டி, கிளறும் கம்பி, அடித்தட்டு எல்லாவற்றையும் முதலில் தணலுக்கு மேல் வைத்துவிட்டுத்தான் வேறு வேலை. தகரக் கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று பகலில் உள்ளே நின்று அண்ணாந்து பார்ப்பதும் வார்ப்புக்கான தயாரிப்பில் சேர்த்தி.

இந்தக் கலவை 240 டிகிரிக்கு அருகில் இளகத் தொடங்கி, 355 டிகிரி வாக்கில் முழுவதும் நீராகும். வார்ப்பதற்கு 425 டிகிரி சரியாக இருக்கும். வெப்பமானி இருக்கிறது. இருந்தாலும் பழக்கத்தை விட முடியாமல், பெட்டி மரத்தில் சீவிய பைன் குச்சியை முக்கிப் பார்ப்பேன். குச்சி மெதுவாகப் பழுப்பேறிக் கருக வேண்டும். தீப்பிடித்தால் சூடு அதிகம். அன்று குச்சியும் வெப்பமானியும் ஒத்துப் போயின. மேல் ஆடையை ஒதுக்கிவிட்டு, செம்பு அடியில் தங்கிவிடாமல் ஒருமுறை கிளறினேன். ஓடுகளில் பூச்சு ஈரமாக, கண்ணாடிபோல் நிற்கும்போதே மேன்ட்ரலைச் சுற்றிப் பூட்டி, ஒரே ஒழுக்காக, நிறுத்தாமல் ஊற்றினேன். சூடான கம்பியை உள்ளே விட்டு மேலும் கீழும் அசைத்தபோது இரண்டு மூன்று குமிழ்கள் மேலே வந்து உடைந்தன. இறுகும்போது உலோகம் சுருங்கும் என்பதால், அடிப்புறம் முதலில் இறுகி மேல்புறம் கடைசியாக இறுக வேண்டும். அதற்காக ஓட்டின் முதுகில், உலோகத்தைத் தொடாத இடத்தில், கீழிருந்து ஈரத்துணி ஒற்றிக்கொண்டே மேலே விளக்கைக் காட்டினேன். இறங்கிய மட்டத்துக்குக் கரண்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் கொடுத்தேன்.

ஆறியதும் ஒரு பாதியைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டினேன். சந்தையில் பானை வாங்குபவர் காதைத்தான் நம்புவார், இதற்கும் காதுதான். முதல் தடவை உடைந்த பானையாக ஒலித்தது, இந்தத் தடவை மணியாக ஒலித்தது. காதின் மீது முழு நம்பிக்கை இல்லாதவர்கள் மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறப்போட்டு, துடைத்து, இணைப்பு விளிம்பில் சாக்கட்டியைத் தேய்த்து வைக்கலாம். ஒட்டாத இடம் இருந்தால் அங்கே ஊறிய எண்ணெய் வெளியே கசிந்து சாக்கட்டியில் கோடாகத் தெரியும். நான் இரண்டையும் செய்தேன். கோடு விழவில்லை.

லேத்தில் உட்புறத்தைக் கடைவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராடையே லேத்தின் மேல்மேடையில் பூட்டி, மேல்முனைத் துளையும் கீழ்முனைத் துளையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு கடைந்தேன். அதில் பிசகினால் பிஸ்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து சிலிண்டரைத் தின்னும்.

சுரண்டும் வேலை வேறு. பழைய முக்கோண அரத்தைச் சாணை பிடித்துச் செய்த சுரண்டி அது. முனை கண்ணாடித் துண்டுபோல் இருக்கும். பின்னில் நீல மையை மெல்லியதாகத் தடவி, பேரிங்கைப் பூட்டிச் சுற்றி, கழற்றினால் உயரமான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் சுரண்டி, துடைத்து, திரும்பப் பூட்ட வேண்டும். முதல் தடவை இரண்டு ஓரங்களில் மட்டும் இரண்டு கீற்று விழுந்தது. ஏழாவது தடவை நடுவில் சில புள்ளிகள். சுமார் இருபதாவது தடவையில், அம்மை போட்டதுபோல் முகம் முழுவதும் சீராக நீலப் புள்ளிகள் தெரிந்தன. ஒரு முழு நாளும் மறுநாள் மதியமும் ஆயிற்று. கிராங்கைக் கழற்றிக் கொண்டுவர முடியாததால் இந்த வேலையை மில்லிலேயே, கிராங்க் பெட்டியின் கதவுக்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செய்தேன். சித்தப்பா ஒவ்வொரு அரைமணிக்கும் வந்து பார்த்து, "இன்னுமா சுரண்டறே?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் வைத்துவிட்டுப் போனார்.

எண்ணெய்க் கால்வாய் வெட்டும் விஷயத்தில் எனக்கும் அந்தப் பக்கத்து மெக்கானிக் ஒருவருக்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. அவர் மேல் பாதியில் எக்ஸ் வடிவில் ஆழமாக இரண்டு கால்வாய் வெட்டச் சொன்னார்; அப்போதுதான் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகுமாம். கோலம் போட்டதுபோல் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். 1883-இல் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாகத் துளை வழியாக மேலே பொங்கி வந்தது. மரத்தக்கையால் அடைத்தார், தக்கையைத் தள்ளிக்கொண்டு வந்தது. அழுத்தமானியைப் பூட்டினால் முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. சுழலும் தண்டு எண்ணெயை ஓர் ஆப்பாக இழுத்துக்கொண்டுபோய்த் தன்னைத்தானே அதன்மேல் தூக்கி நிறுத்திக்கொள்கிறது. இதைக் கணக்காக 1886-இல் நிறுவியவர் ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ். பளு விழும் இடத்தில் கால்வாய் வெட்டுவது, ஏரிக்கரையை நடுவில் வெட்டிவிட்டுத் தண்ணீர் தங்கவில்லை என்று சொல்வதற்குச் சமம். ஆகவே இணைப்பு விளிம்புகளில் மட்டும், ஓரம் வரை போகாமல், ஆழமில்லாத பள்ளம் இரண்டு எடுத்து, மூடியில் எண்ணெயை அள்ளும் கரண்டிமுனையின் துளையை அதனோடு சேர்த்தேன். மெக்கானிக் சமாதானமாகவில்லை. என்ஜின் அவருடையதாக இருந்தால் அவர் விருப்பம் என்றேன்.

காரீயக் கம்பியை வைத்துத் திரும்ப அளந்தபோது மூன்றரை தௌ. ஒரு பக்கத்துக்கு ஒரு ஷிம் வீதம், ஒரு தௌ தடிமனில் இரண்டை எடுத்ததும் இரண்டரைக்கு வந்தது. மூடியைக் கையால் முறுக்கிவிட்டு ஃபிளைவீலைத் தள்ளினால், அது தன் எடையால் கொஞ்ச தூரம் போய், தயங்காமல் நின்றது. எண்ணெய்த் தொட்டியை டீசலால் மூன்று தடவை அலசி, அடியில் விரலை விட்டு நறநறப்பு இல்லை என்று பார்த்த பிறகே புது எண்ணெய் ஊற்றினேன். எண்ணெய் ஊற்றும் வாயின் தொலைந்த மூடிக்குப் பதிலாகப் பித்தளையில் ஒன்று கடைந்து, மரை வெட்டி, சங்கிலி போட்டு என்ஜினோடு பிணைத்திருந்தேன். "இதுக்குப் போயி சங்கிலியா, எந்தத் திருடன் வரப்போறான்?" என்றார் சித்தப்பா. உமி அடுப்பின் பக்கத்தை மறைத்து ஒரு தகரத் தட்டியும் வைக்கச் சொன்னேன். அதை மறுநாளே வைத்துவிட்டார். அவருக்குச் செலவில்லாத யோசனைகள் உடனே பிடிக்கும்.

முதல் நாள் பளுவில்லாமல் அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தி, கதவைத் திறந்து, ராடின் கீழ்முனையில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். கை பொறுக்கும் சூடுதான். இரண்டாம் நாள் பாதிப் பளு. பத்து மணி நேரம் ஓடியதும் எண்ணெயை வடித்து, அம்மாவின் பழைய வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் பார்த்தேன். லேசான சாம்பல் நிற மினுமினுப்பு இருந்தது. புது பேரிங் படியும்போது அவ்வளவு வரத்தான் செய்யும். அடியில் துகள் எதுவும் தங்கவில்லை.

ஐம்பது மணி நேரத்துக்குப் பிறகு போய்த் திரும்பத் திறந்தேன். மேல் பாதியின் முகத்தில் சுரண்டல் புள்ளிகள் மழுங்கி, சாம்பல் நிறத்தில் பட்டுப்போல் படிந்திருந்தது. விளிம்புக்கு அருகில் இரண்டொரு நீலப் புள்ளிகள் அப்படியே இருந்தன. ஷிம் எதையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. பூட்டி, ஓட்டி, சித்தப்பாவும் நானும் பக்கத்தில் நின்று கேட்டோம். உரல் சத்தம் போய்விட்டது. அது போனதால்தான், இவ்வளவு நாளும் அதற்கடியில் ஒளிந்திருந்த இன்னொரு சின்னச் சத்தம் இப்போது தெளிவாகக் கேட்கிறது. பிஸ்டன் பின்னைச் சுற்றியிருக்கும் புஷ்ஷிலிருந்து, கரண்டியால் டம்ளரைத் தட்டுவதுபோல் மெல்லிய இரட்டைத் தட்டல். சித்தப்பாவுக்கு அது கேட்கவில்லையாம். கார்த்திகை அறுவடை நெல் வரத் தொடங்குவதற்குள் வந்து அதைக் கழற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.